டெட்ராய்ட் எழுகிறதா என்று யாரைக் கேட்பது?

2024 மே மாதம் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிட்ட பட்டியலில் டெட்ராய்ட்டுக்கு நேரே கூட்டல் குறி இருந்தது. முந்தைய ஓராண்டில் நகரத்தில் 1,852 பேர் கூடியிருந்தார்கள். ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊருக்கு அது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் 1957க்குப் பிறகு டெட்ராய்ட்டில் ஆள் கூடியது அதுதான் முதல் தடவை. அப்போது மேயராக இருந்த மைக் டகன், 2014இல் பதவிக்கு வந்த காலத்திலிருந்தே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: ஒரு மேயரை எடைபோட மக்கள்தொகை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். அவர் கேட்ட விடை பத்து வருஷம் கழித்து வந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் இன்னும் 6,791 பேர் கூடி, நகரம் 6,45,705ஐத் தொட்டது.

அன்றிலிருந்து எங்கள் நட்பு வட்டத்தில் இந்தப் பேச்சு ஓயவில்லை. மிச்சிகனில் இருக்கும் தமிழர்களில் பெரும்பாலானவர்கள் கார்த் தொழிலை நம்பி வந்தவர்கள். கேன்டன், நோவை, ட்ராய், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று புறநகர்களில்தான் குடியிருக்கிறோம். ஊரில் யாராவது கேட்டால் மட்டும் "டெட்ராய்ட்டில் இருக்கிறேன்" என்போம். நகர எல்லைக்குள் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக்கூட நான் அறிந்ததில்லை. ஆனாலும் அந்த நகரத்தைப் பற்றி எங்கள் எல்லாரிடமும் உறுதியான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. ஒரு சாரார், "அது செத்த ஊருங்க, கார் கம்பெனி போனதும் கதை முடிஞ்சுது" என்பார்கள். இன்னொரு சாரார், "இப்பவே ரெண்டு வீடு வாங்கிப் போடணும், பத்து வருஷத்துல எங்கேயோ போயிடும்" என்பார்கள். இந்த இரண்டு பேச்சையும் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்னவென்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

ஆளை எண்ணுவதா, வீட்டை எண்ணுவதா

முதலில் அந்த எண்ணையே கொஞ்சம் பார்ப்போம். தலையெண்ணும் கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான். நடுவில் வருகிறவை எல்லாம் மதிப்பீடுகள். பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றைக் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) அளவில் கணக்கிட்டு, பிறகு ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு இருக்கிறதோ அதற்கேற்பப் பிரித்துக்கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் இது பெரிய பிழை தராது. டெட்ராய்ட்டில் தந்தது. 2014இல் பாழடைந்த வீடுகளை ஆராய்ந்த குழு, அப்படிப்பட்ட கட்டடங்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருப்பதாகச் சொன்னது. அதன் பிறகு மத்திய அரசின் பணத்தையும், பின்னர் நகரத்தின் கடன்பத்திரப் பணத்தையும் வைத்து நிர்வாகம் அவற்றை வரிசையாக இடித்துத் தள்ளியது. பத்து வருஷமாக ஆளே இல்லாத வீடு ஒன்றை இடித்தால் தெருவில் இருக்கிறவர்களுக்கு நிம்மதி. கணக்கெடுப்பு ஏட்டிலோ ஒரு வீடு குறைந்தது, அதனால் சில மனிதர்களும் குறைந்தார்கள். இன்னொரு பக்கம், பூட்டிக் கிடந்த வீட்டை ஒரு குடும்பம் பழுதுபார்த்துக் குடியேறினால் ஏட்டில் புதிய வீடு எதுவும் சேரவில்லை. சுத்தம் செய்யச் செய்ய ஊர் காகிதத்தில் சுருங்கிக்கொண்டே போனது.

2020 கணக்கெடுப்பு சொன்ன 6,39,111ஐயும் நகரம் ஏற்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில பகுதிகளை எடுத்துப் பார்த்து, ஆள் இருக்கும் வீடுகளே விடுபட்டிருக்கின்றன என்றார்கள். அதற்குப் பிந்தைய மதிப்பீடுகளை எதிர்த்து நகரம் வழக்குப் போட்டது. மதிப்பிடும் முறையில் பிறகு மாற்றங்கள் வந்தன. முதலில் 2023க்கு 6,33,218 என்று சொன்னார்கள். மறு வருஷப் பட்டியலில் அதே 2023 கிட்டத்தட்ட 6,38,900 ஆகிவிட்டது. நடுவில் யாரும் குடிவரவில்லை, கணக்குதான் திருத்தப்பட்டது. ஆக, "எழுந்துவிட்டது" என்பவர்களும் "விழுந்துகொண்டே இருக்கிறது" என்பவர்களும் கையில் பிடித்திருக்கும் எண், ஒரு சூத்திரத்தை மாற்றினால் ஐயாயிரம் அசைகிற எண்.

இறங்கிய கதை பலருக்கும் தெரியும். 1950இல் 18,49,568 பேர். அன்று நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம். 2013இல் பதினெட்டு பில்லியன் டாலர் கடனோடு திவால் மனு. ஆனால் எங்கள் பேச்சில் எப்போதும் விட்டுப்போகும் ஒன்று உண்டு. நகரத்தையும் புறநகர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஐம்பது வருஷமாக இந்த வட்டாரத்தின் மக்கள்தொகை நாற்பது லட்சத்துக்கு மேலேயே நிற்கிறது. ஆட்கள் நகரத்தின் வடக்கு எல்லையான எய்ட் மைல் சாலையைத் தாண்டி வெளியே குடிபோனார்கள், அவ்வளவுதான். தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் கூடவே போயின. போகிறவர்களுக்கு அரசின் உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் கிடைத்தது. கறுப்பின மக்களுக்கு அது மறுக்கப்பட்டது. எய்ட் மைலுக்குத் தெற்கே 1941இல் ஒரு மனைப்பிரிவுக்காரர் கட்டிய ஆறடிச் சுவர், அரை மைல் நீளத்துக்கு, இன்னும் நிற்கிறது. கறுப்பர்கள் குடியிருக்கும் பகுதியிலிருந்து தன் மனைகளைப் பிரித்துக்காட்டினால்தான் கடன் உத்தரவாதம் கிடைக்கும் என்பதற்காகக் கட்டியது. இப்போது அதில் பிள்ளைகள் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். பிளாக் பாட்டம் என்ற கறுப்பர் குடியிருப்பை இடித்துத் தரைமட்டமாக்கி அதன் மேல் நெடுஞ்சாலை போட்டார்கள். நான் இருக்கும் கேன்டன் சோள வயலாக இருந்த ஊர். இந்த வயல்கள் வீடுகளானதும் அந்த வீடுகள் காலியானதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு "அந்த ஊர் செத்துப்போச்சு" என்று சொல்வது எனக்கு உறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மஞ்சள் பை

என் நண்பன் ஒருவன் இரண்டாவது கட்சி. வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை, "ஒரு வீடு பார்க்கப் போறேன்டா, நீயும் வா, கட்டடத்தைப் பத்தி உனக்குக் கொஞ்சம் தெரியும்ல" என்று கூப்பிட்டான். மெக்நிக்கல்ஸ் சாலைக்குத் தெற்கே, லிவர்னாய்க்கு மேற்கே, 1920களில் எழும்பிய செங்கல் வீடுகள் இருக்கும் ஒரு தெரு. வெளியிலிருந்து பார்த்தால் வீடு கம்பீரமாகத்தான் இருந்தது. அகலமான முன்திண்ணை, அதற்கு மேல் வளைவாக வைத்துக் கட்டிய செங்கல், கல் வாசற்படி. பேஸ்மென்ட்டுக்கு இறங்கினோம். தாமிரக் குழாய்கள் எல்லாம் சுவரோடு ஒட்ட அறுக்கப்பட்டிருந்தன. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்ற இடத்தில் சிமென்ட் தரையில் துரு படிந்த ஒரு சதுரம். தண்ணீர் மீட்டர் இல்லை. துணி துவைக்கும் இரட்டைத் தொட்டி மட்டும் கனமாக இருந்ததால் தப்பியிருந்தது. இரும்புக்கடையில் போட்டால் சில நூறு டாலர் தேறுகிற பொருளை எடுப்பதற்காகப் பல ஆயிரம் டாலர் சேதம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். முன்கதவின் சட்டத்தில், ஆணிப் பின்களுக்கு அடியில், மஞ்சள் பிளாஸ்டிக் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா தன் தோட்டத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்தத் தோட்டம் முன்பு ஒரு வீடு நின்ற மனை. வீட்டை இடித்த பிறகு மனை, கைவிடப்பட்ட சொத்துகளை வைத்திருக்கும் நகரத்தின் நில வங்கிக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் அவர் அதை நூறு டாலருக்கு வாங்கியிருந்தார். கீரையும் வெண்டையும் தக்காளியும் போட்டிருந்தார். வெண்டைச் செடியைப் பார்த்ததும் என் நண்பன் அவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டான். எங்கள் ஊரிலும் இதுதான் முக்கியமான காய் என்றான். சிரித்தார். அப்புறம் நேராகக் கேட்டார்: குடிவரப் போகிறீர்களா, இல்லை வாங்கி வாடகைக்கு விடப் போகிறீர்களா? வாடகைக்கு விட என்று இவன் சொன்னதும் அவர் முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை. இந்த வீட்டைக் கடைசியாக வாங்கியவர்கள் இங்கே ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். வரிப் பாக்கிக்கான ஏலத்தில், வேறு மாநிலத்திலிருந்து, திரையில் படத்தைப் பார்த்து வாங்கியவர்கள்.

கதவில் இருந்த மஞ்சள் கிழிசலைப் பற்றி நான் கேட்டேன். சொத்து வரி மூன்று வருஷம் பாக்கி விழுந்தால் வீட்டை எடுத்துக்கொள்ளப்போகிறோம் என்ற அறிவிப்பை மஞ்சள் பையில் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார்களாம். இந்தத் தெருவில் ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மஞ்சளாக இருந்தது என்றார். அவர் கதவிலும் தொங்கியது. தங்கையிடம் கடன் வாங்கித் தவணை கட்டி வீட்டை மீட்டார். பிறகு எதிர்வரிசையில் ஒவ்வொரு மனையாகக் கை காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த மூலை வீடு, வேலை கிடைத்து அட்லாண்டா போனார்கள். அதற்கு அடுத்தது, ஏலம். அதற்கு அடுத்தது, மகள் சவுத்ஃபீல்டுக்கு அழைத்துக்கொண்டாள். அடுத்த இரண்டும் ஏலம். அந்தப் புல்வெளி இருக்கிறதே, அங்கே இருந்தவர் அப்பா காலத்திலிருந்து அதே வீட்டில் இருந்தவர், ஏலம். யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. இவர்கள் போனவர்கள், அவர்கள் வெளியேற்றப்பட்டவர்கள் என்று பிரித்து எங்களுக்குக் காட்டினார்.

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. மக்கள்தொகை குறைந்தது என்று நாங்கள் வருஷக்கணக்காகப் பேசிய பேச்சில் எல்லாரும் ஒரே பட்டியல். எல்லாரும் "ஊரை விட்டுப் போனவர்கள்". வேலை போனது, பள்ளிக்கூடம் சரியில்லை, குற்றம் அதிகம், அதனால் போனார்கள். பலருக்கு அது உண்மை. வேறு பலரை அனுப்பியது ஒரு வரி ரசீது. 2011க்கும் 2015க்கும் இடையில் டெட்ராய்ட்டில் ஏறத்தாழ நான்கு சொத்துகளில் ஒன்று வரிப் பாக்கிக்காகப் பறிபோனது. அந்த வரியே தப்பான வரி. சொத்தின் வரி மதிப்பு சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது மிச்சிகன் அரசியலமைப்பில் இருக்கும் விதி. 2008 சரிவில் வீட்டு விலை அதலபாதாளத்துக்குப் போனபோது மதிப்பீட்டை அதற்கேற்ப நகரம் இறக்கவில்லை. முப்பதாயிரத்துக்கும் போகாத வீட்டுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு விலை போகும் என்று வைத்து வரி போட்டார்கள். 2010 முதல் 2016 வரை இப்படி ஏறத்தாழ 600 மில்லியன் டாலர் கூடுதலாக வசூலாகியிருக்கிறது என்று டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் 2020இல் கணக்குப் போட்டு எழுதியது. ஊர் முழுவதும் புது மதிப்பீடு 2017இல்தான் வந்தது. ஏழைகளுக்கு வரி விலக்கு இருந்தது, ஆனால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர மாநிலச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று நகர நிர்வாகம் சொன்னது. எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை. வாங்கும்போது அரசியலமைப்பே தடுக்கவில்லையே.

வீட்டைப் பறித்த பிறகு என்ன ஆகும்? முதல் சுற்று ஏலம் பாக்கித் தொகையிலிருந்து தொடங்கும். அதில் போகாவிட்டால் அடுத்த சுற்றில், அந்த வருஷங்களில், ஐந்நூறு டாலரிலிருந்து. வாங்கியவர் வரி கட்டாமல் வாடகையை மட்டும் வசூலித்துவிட்டு மூன்று வருஷத்தில் கைவிட்டால் வீடு மறுபடி ஏலத்துக்கு வரும். அதற்குள் குழாய் போய்விடும், ஃபர்னஸ் போய்விடும், கூரை ஒழுகும். கடைசியில் நகரமே பணம் செலவழித்து இடிக்கும். சில ஆயிரம் டாலர் பாக்கிக்காக ஒரு குடும்பத்தை வெளியேற்றி, அதே வீட்டை இடிக்க அதைவிட அதிகம் செலவழித்த கதை இந்த ஊரில் தெருத்தெருவாக நடந்திருக்கிறது. இதை வீழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட்டால் ஏதோ தானாக நடந்தது போல் ஆகிவிடுகிறது.

விலை ஏறினால் யாருக்கு

இப்போது விலை ஏறியிருக்கிறது. நகர மையத்தில் நின்று பார்த்தால் சந்தேகமே வராது. 1988இல் கடைசி ரயில் கிளம்பி, பிறகு முப்பது வருஷம் பாழாய்க் கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் நிலையத்தை ஃபோர்டு 2018இல் வாங்கிப் புதுப்பித்து 2024 ஜூனில் திறந்தது. ஹட்சன் என்ற பழைய பெரிய கடை இருந்த இடத்தில் புதுக் கோபுரம். அதையெல்லாம் பார்த்து எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 139 சதுர மைல் ஊரில் அது சில சதுர மைல்.

விலை ஏறுவதை எதிர்க்கிறவன் இல்லை நான். சில வருஷம் முன்பு வரை டெட்ராய்ட்டில் வீடு வாங்க வங்கிக் கடன் வாங்குவது குதிரைக்கொம்பு. எண்பதாயிரம் செலவழித்துப் பழுதுபார்த்த வீட்டை மதிப்பீட்டாளர் வந்து ஐம்பதாயிரம் என்று எழுதினால் எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஆக, கையில் ரொக்கம் இருந்தவர்கள் வாங்கினார்கள், இல்லாதவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாம்ட்ராமிக்கை ஒட்டிய தெருக்களில் வங்காளதேசக் குடும்பங்கள் சொந்தபந்தத்திடம் பணம் திரட்டி, மலிவு வீடுகளை வாங்கி, அண்ணன் தம்பி சேர்ந்து ஓடு மாற்றிக் குழாய் போட்டுக் குடியேறினார்கள். டெட்ராய்ட் கிட்டத்தட்ட நாலாபக்கமும் சூழ்ந்த ஹாம்ட்ராமிக் என்ற அந்தச் சின்ன ஊர், நகரம் சுருங்கிய அதே 2010-2020இல் 22,423இலிருந்து 28,433க்கு வளர்ந்தது. பந்தல் போட்டுப் புடலை ஏற்றிய வீட்டு முற்றங்களை அங்கே பார்க்கலாம். ஆனால் எல்லாருக்கும் அப்படி ஒரு சொந்தபந்தம் வாய்க்காது. விலை கொஞ்சம் ஏறினால்தான் வங்கி எட்டிப்பார்க்கும், கூரை மாற்றக் கடன் கிடைக்கும்.

மிச்சிகனில் இன்னொரு நல்ல விதி இருக்கிறது. வீடு கைமாறாத வரைக்கும் வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு வருஷத்துக்கு விலைவாசி உயர்வு அல்லது ஐந்து சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக் கூடாது. அதனால் விலை ஏறினாலும் பழைய உரிமையாளர் வரியால் நசுங்க மாட்டார். 2014இலிருந்து 2022க்குள் டெட்ராய்ட் வீட்டு உரிமையாளர்களின் வீட்டுச் சொத்து 4.2 பில்லியனிலிருந்து 8.1 பில்லியன் டாலராக ஏறியது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு சொல்கிறது. அதில் பெரும்பங்கு கறுப்பினக் குடும்பங்களுக்கு. வெண்டைத் தோட்டத்து அம்மா அந்தக் கணக்கில் இருக்கிறார். தங்கை அன்றைக்குக் கடன் கொடுத்ததால் இருக்கிறார். எதிர்வரிசைக்காரர்கள் இல்லை. அவர்களில் பலர் இன்னும் இதே நகரத்தில்தான் வாடகைக்கு இருப்பார்கள். மக்கள்தொகைப் பட்டியலில் அவர்கள் குறையவே இல்லை. விலை ஏறும்போது அவர்களுக்கு ஏறுவது வாடகை மட்டும்.

அதனால் இப்போதெல்லாம் டெட்ராய்ட் எழுகிறதா என்று பேச்சு வந்தால் நான் இரண்டு விஷயங்களை மட்டும் கேட்கிறேன். ஊர் இறங்கியபோது போகாமல் இருந்தவர்களில் எத்தனை பேர் கையில் இன்று பத்திரம் இருக்கிறது? இல்லாதவர்களில் எத்தனை பேருக்கு அது கிடைக்க வழி இருக்கிறது? 2010க்கும் 2020க்கும் இடையில் கறுப்பின மக்கள் மட்டும் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் குறைந்தார்கள். மற்ற இனத்தவர் கூடினார்கள். மொத்தத்தில் கூட்டல் குறி வந்துவிட்டது என்பதற்காக இந்தக் கேள்விகளைத் தள்ளிவைக்க என்னால் முடியவில்லை.

நண்பன் அந்த வீட்டை வாங்கினான். பாராட்ட வேண்டும், ஒழுங்காகச் செலவழித்துச் செய்தான். வந்து பார்த்தான், பக்கத்து வீட்டு அம்மாவிடம் தொலைபேசி எண் கொடுத்தான். குடிவந்த குடும்பம் வாடகையைத் தவறாமல் கட்டுகிறது. சமீபத்தில் அந்தக் குடும்பத்துக்காரர், வீட்டை எங்களுக்கே விற்பீர்களா என்று கேட்டிருக்கிறார். வங்கி இத்தனை சின்னத் தொகைக்குக் கடன் கொடுக்கத் தயங்குகிறது. அவனுக்கே மாதாமாதம் தவணையாகக் கட்டி வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். இந்த ஊரில் பழக்கமான முறைதான் அது. கடன் மறுக்கப்பட்ட தலைமுறைகள் எல்லாம் இப்படித்தான் வாங்கினார்கள். கடைசித் தவணை வரைக்கும் பத்திரம் விற்பவர் கையிலேயே இருக்கும். நடுவில் ஒன்று தவறினால் கட்டியது அத்தனையும் வாடகைபோலப் போய்விடும். ஏமாந்தவர்கள் ஏராளம்.

"விக்கறதுன்னா வித்துடலாம்டா, ஆனா இன்னும் அஞ்சு வருஷம் வச்சிருந்தா நல்ல விலை வருமே" என்கிறான். அவன் கணக்கு தப்பில்லை. நான் சொல்வது வேறு: இன்றைய விலைக்கே ஒப்பந்தம் போடு, அதைக் கவுன்ட்டியில் பதிவு செய், தவணை தவறினால் கட்டியதில் ஒரு பங்கு அவர்களுக்கே என்று எழுது, வரி ரசீது அவர்கள் பெயருக்கே போகட்டும். ஒரு வழக்கறிஞரிடம் வரைவு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு வைத்திருக்கிறான். போன வாரமும் கேட்டேன். மனைவியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.